பிடிலின் குலம் கேட்போருக்கு

கலப்பிசை என்னும் சொல் நம்மிடையே இன்று இருவகையாக ஆளப்படுகிறது. மேடையின் தூய்மையைக் காக்கவே பிறந்தோம் எனக் கருதுவோர் வாயில் அஃது ஏச்சு. நுழைவுச்சீட்டு விற்போர் வாயில் அஃது ஏலக்கூவல். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் பகைவராக எண்ணிக்கொள்கின்றனர். ஆயினும் இருவரும் ஒரே நம்பிக்கை பெற்ற பிள்ளைகளே. இசைகள் ஆதியில் தனித்தனியே பிறந்தன, தனித்தனியே வளர்ந்தன, பிற்காலத்தில் யாரோ ஒருவர் துணிந்து அவற்றை ஒன்றாகக் கலந்தார் என்பதே அந்த நம்பிக்கை. ஒரு சாரார் அத்துணிவைப் பழிக்கின்றனர்; மறு சாரார் அதனை விற்கின்றனர். அந்நம்பிக்கை பிழையானது என்பதும், அப்பிழையின் பயனாக உழைத்தவர் பலரின் பெயர்கள் ஏட்டிலிருந்து அழிந்துபோயின என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

எடுத்துக்காட்டாக நான் கொள்வது ரெஜினா கார்ட்டர் என்னும் அமெரிக்கக் கறுப்பின வயலின் கலைஞரின் இசையை. மோட்டார் வாகனத் தொழிலுக்குப் பெயர்பெற்ற டெட்ராய்ட் நகரில் பிறந்தவர் இவர். நான்காம் வயதில் சுசுகி முறைப்படி வயலின் பயிலத் தொடங்கினார். குழந்தை தாய்மொழியைக் கற்பதுபோல, எழுதிய சுரங்களைப் படிக்குமுன் காதால் கேட்டுக் கையில் கொணரப் பழக்குவது ஜப்பானிய ஆசிரியர் ஷினிச்சி சுசுகி வகுத்த அந்நெறி. ஐரோப்பியச் செவ்வியல் இசையை முறையாகக் கற்ற பின்னரே கார்ட்டர் ஜாஸ் இசைக்கு வந்தார். 2006ஆம் ஆண்டு மெக்கார்தர் அறக்கட்டளையின் நல்கை இவருக்குக் கிடைத்தது. 2010ஆம் ஆண்டில் ஆப்பிரிக்க நாட்டுப்புறப் பாடல்களை அடிப்படையாகக் கொண்டு ‘ரிவர்ஸ் த்ரெட்’ என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார். 2014ஆம் ஆண்டில் ‘சதர்ன் கம்ஃபர்ட்’ வந்தது. அலபாமா மாநிலத்து நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்த தம் தந்தைவழிப் பாட்டனார் தம் காலத்தில் எத்தகைய இசையைக் கேட்டிருப்பார் என்று தேடிச் சென்றதன் விளைவு அது.

இவரைப் போற்றுவோரும் தூற்றுவோரும் கூறுவது ஒன்றே: ஜாஸ் இசையின் மனோதர்மத்தை நாட்டுப்புற இசையோடு கலந்தவர் என்பது. அக்கூற்றையே நான் மறுக்கிறேன். இவர் கலக்கவில்லை; பிரித்து வைக்கப்பட்டவற்றை மீண்டும் ஓரிடத்தில் அமர்த்தினார். பிரித்தவர் யார், எப்போது பிரித்தனர், எதற்காகப் பிரித்தனர் என்று வினவாமல் கலப்பு நன்றா தீதா என வழக்காடுவது, பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பாராமலே சொத்து வழக்குக்குத் தீர்ப்பெழுதுவது போன்றதாகும்.

ஜெனோவாவில் எழுந்த முணுமுணுப்பு

தூய்மை பேசுவோரின் மனப்பாங்கை விளக்க ஒரு நிகழ்ச்சி போதும். இத்தாலியின் ஜெனோவா நகராட்சியின் காவலில் ஒரு வயலின் இருக்கிறது. 1743ஆம் ஆண்டில் குவார்னேரி செய்தது. 1840இல் மறைந்த பகனீனி தம் பிறந்த ஊருக்கு விட்டுச் சென்றது. அதன் முழக்கத்தைக் கருதிப் பகனீனி அதற்குப் ‘பீரங்கி’ எனப் பெயரிட்டார். 2001ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவில் நிகழ்ந்த செப்டம்பர் 11 பேரழிவை அடுத்து, நட்புறவின் அடையாளமாக அவ்வயலினை வாசிக்கும் வாய்ப்பு ரெஜினா கார்ட்டருக்கு அளிக்கப்பட்டது. ஜாஸ் கலைஞர் ஒருவர் அதனைத் தொட்டது அதுவே முதன்முறை. கறுப்பினத்தவர் ஒருவர் தொட்டதும் அதுவே முதன்முறை. ஜாஸ் வாசித்தால் அக்கருவிக்குக் கேடு வருமே என்ற முணுமுணுப்பும் எழுந்தது. கச்சேரி இனிதே நடந்தது. வயலினுக்கு ஊறு ஒன்றும் நேரவில்லை. பின்னர் அதே வயலினில் அவர் வாசித்த இசைத்தொகுப்பு 2003ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இதில் நகைப்புக்குரியது யாதெனில், பகனீனியே மேடையில் நினைத்தவாறு கற்பனை செய்து வாசிப்பதில் வல்லவர் என்பதுதான். சாத்தானோடு உடன்படிக்கை செய்துகொண்டு வாசிக்கிறார் என்று அவர் காலத்து மக்கள் அவரைக் குறித்துப் பேசினர். கடலுக்கு அப்பால் அமெரிக்கத் தென்மாநிலங்களில், சமயப் பற்றுடையோர் பிடிலைச் சாத்தானின் பெட்டி என்று ஒதுக்கினர். ஒரே கருவியின் மீது இரு கண்டங்களிலும் விழுந்த ஒரே பழி! மண்டபத்தில் அதற்கு வயலின் என்று பெயர், களத்துமேட்டில் பிடில் என்று பெயர். மரம் ஒன்று, தந்தி நான்கு, வில் ஒன்று. பெயர் மாறியதால் குலம் மாறிவிட்டது என்று நம்புவோர்க்கு என்ன மறுமொழி கூறுவது?

அடிமையின் கையில் வில்

வரலாற்றைச் சற்றே நோக்குவோம். 1739ஆம் ஆண்டில் தென் கரோலினாவில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டே அங்கு இயற்றப்பட்ட சட்டம், அடிமைகள் முரசும் கொம்பும் முழக்கக் கூடாது என்று தடை விதித்தது. முரசொலி கூட்டத்தைக் கூட்டும் என்ற அச்சமே காரணம். பிடிலை யாரும் அஞ்சவில்லை. எசமானர் வீட்டு நடனங்களுக்கு அது தேவைப்பட்டது. ஆகவே வில் அடிமையின் கைக்கு வந்தது. அந்தக் கைக்கும் வில் முற்றிலும் புதிதன்று. மேற்கு ஆப்பிரிக்காவில் கோஜே முதலிய ஒற்றைத் தந்தி வில்லிசைக் கருவிகள் நெடுங்காலமாக வழங்கி வந்தவை. தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தருமாறு 18ஆம் நூற்றாண்டுச் செய்தித்தாள்களில் எசமானர்கள் வெளியிட்ட விளம்பரங்கள் பலவற்றில், உடலின் தழும்புகளோடு சேர்த்து, பிடில் வாசிப்பதில் வல்லவன் என்பதும் ஓர் அடையாளமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. தம் பெயரில் இசையேடு எதுவும் பெறாத அம்மக்களுக்கு, தேடுதல் அறிக்கையே கலைச் சான்றிதழாக அமைந்தது!

சாலமன் நார்த்தப்பின் வரலாற்றை அறிந்தோர் பலர் இருக்கலாம். நியூயார்க் மாநிலத்தில் உரிமைக் குடிமகனாகப் பிறந்த கறுப்பினத்தவர் அவர், பிடில் வாசிப்பவர். 1841ஆம் ஆண்டில், சர்க்கஸ் குழுவில் பிடில் வாசிக்க வேலை தருகிறோம் என்று ஆசை காட்டி அவரை அழைத்துச் சென்றவர்கள், வாஷிங்டன் நகரில் அடிமையாக விற்றனர். லூசியானாவின் தோட்டங்களில் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1853இல் விடுதலை பெற்று, அவ்வாண்டிலேயே தம் வரலாற்றை நூலாக வெளியிட்டார். அவரை அடிமைத்தளைக்கு இழுத்துச் சென்றதும் பிடில். அத்தளையில் அவருக்குச் சற்றே ஆறுதல் அளித்ததும் பிடில்.

இங்ஙனம் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் அமெரிக்கத் தென்மாநிலங்களின் நடனக் களங்களில் கறுப்பினப் பிடில்காரர்கள் வாசித்து வந்தனர். ஐரிஷ், ஸ்காட்லாந்து மெட்டுகளை அவர்கள் எடுத்துக்கொண்டனர்; ஆப்பிரிக்கத் தாளத்தையும் பாஞ்சோ என்ற கருவியையும் கொடுத்தனர். வெள்ளையர் அவர்களிடம் கற்றனர். அவர்கள் வெள்ளையரிடம் கற்றனர். பின்னாளில் ‘புளூகிராஸ்’ இசையின் தந்தை எனப் போற்றப்பட்ட பில் மன்ரோ, இளமையில் கென்டக்கியில் தமக்கு வழிகாட்டியவர்களுள் ஆர்னல்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரை மறவாது குறிப்பிட்டார். கறுப்பின இசை ஒரு கிணறு, வெள்ளையர் இசை மற்றொரு கிணறு என்று அக்காலத்தில் யார் சொல்லியிருக்க முடியும்?

எண் வரிசை இட்ட பிரிவினை

பிரிவினையைச் செய்தவர்கள் இசைத்தட்டு வணிகர்கள். 1920ஆம் ஆண்டில் ஓகே நிறுவனம் மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகியின் தட்டை வெளியிட்டது. அது பெருவாரியாக விற்றது. 1923ஆம் ஆண்டில் அதே நிறுவனம் அட்லாண்டாவில் பிடில் ஜான் கார்சன் என்ற வெள்ளையரின் இசையைப் பதிவு செய்தது, அதுவும் விற்றது. உடனே வணிகர் இரு சந்தைகளைக் கண்டனர். ஓகே நிறுவனத்தில் கறுப்பினத்தவர்க்கான தட்டுகள் 8000 எனத் தொடங்கும் எண் வரிசையிலும், வெள்ளை நாட்டுப்புறத்தார்க்கானவை 45000 எனத் தொடங்கும் எண் வரிசையிலும் வெளிவந்தன. கொலம்பியா நிறுவனத்தில் முன்னவர்க்கு 14000, பின்னவர்க்கு 15000. முதல் வரிசைக்கு ‘இன இசைத்தட்டு’ என்று பெயர். மற்றதைக் ‘ஹில்பில்லி’ என்று ஏளனமாக அழைத்தனர்.

கோப்புகளுக்கு எண்ணிடும் தொழிலில் நாளைக் கழிப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். பொருளைத் தேடி எடுப்பதற்காகவே எண் இடப்படுகிறது. ஆயினும் நாளடைவில் எண்ணே பொருளாகிவிடும். எண் இல்லாத பொருள் இல்லாத பொருளே ஆகிவிடும். அமெரிக்க இசையிலும் இதுவே நிகழ்ந்தது. கறுப்பினத்தவர் என்றால் புளூஸ் பாடவேண்டும். பிடிலும் பாஞ்சோவும் கொண்டு நடன மெட்டு வாசித்தால் அதனை வைக்க அலமாரியில் இடமில்லை. விதிவிலக்குகள் இல்லாமலில்லை. மிசிசிப்பி ஷீக்ஸ் என்ற கறுப்பினக் குழு பிடிலோடு பாடி 1930ஆம் ஆண்டில் பதிவு செய்த ஒரு பாடல் எங்கும் பரவியது. 1957இல் பில் மன்ரோவும் அதனைப் பதிவு செய்தார். பாடல் வேலியைத் தாண்டிற்று. பாடியவர் பெயர் வேலிக்கு உள்ளேயே நின்றுவிட்டது. பிடில் என்றால் வெள்ளையர் கருவி என்று நம்பும் தலைமுறைகள் இவ்வாறு உருவாயின.

மண்டபத்து வாயிலும் திறந்திருக்கவில்லை. செவ்வியல் இசையில் முறையாகத் தேர்ந்த எடி சவுத்திற்கு நிறவெறியின் காரணமாக அத்துறையில் இடம் கிடைக்கவில்லை. ஜாஸ் குழுக்களில் வாசித்தார். 1937ஆம் ஆண்டில் பாரிஸில், பிரெஞ்சு வயலின் கலைஞர் ஸ்டெபான் கிராப்பெல்லியுடனும் கிதார் மேதை ஜாங்கோ ரைன்ஹார்ட்டுடனும் அமர்ந்து, பாக் இயற்றிய இரட்டை வயலின் இசைக்கோவை ஒன்றின் முதற்பகுதியை ஜாஸ் நடையில் அவர் வாசித்த பதிவு இன்றும் கிடைக்கிறது. தூய்மையின் வாயிற்காவலர்கள் அதனை ஒருமுறை கேட்கவேண்டும். உள்ளே விடாமல் நிறுத்தப்பட்டவரின் கையில் பாக் எவ்வளவு நலமாக இருந்தார் என்பது விளங்கும்.

பாட்டனார் ஊரின் பாட்டு

இப்பின்னணியில் வைத்தே ‘சதர்ன் கம்ஃபர்ட்’ தொகுப்பைக் கேட்கவேண்டும். அதற்காக ரெஜினா கார்ட்டர் நாடியது அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் களப்பதிவுகளை. ஆலன் லோமாக்ஸ், ஜான் வொர்க் ஆகியோர் ஊர் ஊராகச் சென்று திரட்டியவற்றை. இவ்விருவருள் லோமாக்ஸின் பெயர் உலகறிந்தது. வொர்க் கறுப்பினத்தவர், ஃபிஸ்க் பல்கலைக்கழகத்து இசையறிஞர். 1940களின் தொடக்கத்தில் நாஷ்வில் நகரில் கறுப்பினக் கலைஞர் இருவர் பிடிலும் பாஞ்சோவும் வாசித்ததை அவர் பதிவு செய்தார். 1941, 1942 ஆண்டுகளில் மிசிசிப்பியில் அவரும் தோழர்களும் செய்த ஆய்வின் கைப்படிகள் அச்சேறாமல் கிடந்து, 2005ஆம் ஆண்டில்தான் நூலாயின. பாடியவரின் பெயர் மட்டுமன்று, திரட்டியவரின் பெயரும் நிழலில் கிடந்தது!

அத்தொகுப்பில் இடம்பெற்ற பாடல்களையும் பாருங்கள். ஹேங்க் வில்லியம்ஸ் பாடிப் புகழ்பெற்ற பாடல் ஒன்று அதில் உண்டு. வெள்ளையரின் நாட்டுப்புற இசைக்கே அடையாளமாக நிறுத்தப்படும் அவர், அலபாமாவின் தெருக்களில் ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினக் கலைஞரிடம் இளமையில் கற்றவர். லூசியானாவின் பிரெஞ்சு வழக்குப் பாடல் ஒன்றும் உண்டு. கறுப்பின அக்கார்டியன் கலைஞர் அமெடே ஆர்டுவானும் வெள்ளையினப் பிடில்காரர் டெனிஸ் மெக்கீயும் 1929ஆம் ஆண்டு முதல் இணைந்து பதிவு செய்த இசையின் வழிவந்தது அது. ஒரு நடன நிகழ்ச்சியில் முகம் துடைக்க வெள்ளைப் பெண்ணொருத்தி கொடுத்த கைக்குட்டையை வாங்கினார் என்பதற்காக ஆர்டுவான் கொடுமையாகத் தாக்கப்பட்டார் என்று அவ்வட்டாரத்தார் வழிவழியாகக் கூறுவர். அவர் 1942ஆம் ஆண்டில் ஒரு மனநோய் மருத்துவமனையில் மறைந்தார். இரு கருவிகள் ஒரே தட்டில் கூடி ஒலிக்கலாம். இரு கைகள் ஒரு துணியைத் தொடலாகாது. தூய்மை என்ற சொல்லை இசையில் எளிதாக ஆளுவோர், அச்சொல் மனிதர் மீது ஆளப்பட்டபோது என்ன செய்தது என்பதையும் நினைக்கவேண்டும்.

இப்பாடல்களை ஒரே மேடையில் அமர்த்திய கலைஞரை ‘கலந்தவர்’ என்று சொல்வது, தொலைந்த உடன்பிறப்புகளை ஒரு பந்தியில் அமர்த்தியவரைச் சாதிக்கலப்புச் செய்தார் என்று குற்றம் சாட்டுவதற்கு ஒப்பாகும்.

எதிர்வாதத்திற்கு மறுமொழி

அறிவுடைய எதிர்வாதம் ஒன்று உண்டு. அதனை மதித்தே மறுமொழி கூறவேண்டும். நாட்டுப்புறப் பிடிலுக்கெனத் தனி இலக்கணம் இருக்கிறது. இரு தந்திகளை ஒருங்கே உரசி, ஒன்றைச் சுருதியாக நிறுத்திக்கொண்டு மற்றதில் மெட்டை வாசிப்பது, மெட்டுக்கேற்பத் தந்திகளின் சுருதியை மாற்றிக் கட்டுவது, ஆடுவோர் காலடிக்கு இணங்க வில்லை முறுக்கி இழுப்பது முதலியன அதன் கூறுகள். ஜாஸ் கலைஞர் ஒருவர் இதன்மேல் தம் சுரக்கோவைகளை ஏற்றினால், எழுதப்படாத அந்நுட்பங்கள் மறையும். மிஞ்சுவது மெட்டின் எலும்புக்கூடே என்பர்.

இவ்வச்சம் பொருளற்றது என நான் கூறமாட்டேன். மெட்டை மட்டும் பறித்துக்கொண்டு, கற்கவேண்டியதைக் கல்லாமல், மின்னொலியைக் கூட்டி மேடையேறுவோர் எல்லா நாட்டிலும் உண்டு. அவர்களைக் கண்டிப்பதில் யானும் முன்னிற்பேன். ஆயின் அக்குற்றத்தின் பெயர் கல்லாமை; அதனைக் கலப்பின் மீது சுமத்துவது முறையாகாது. தாம் பிறந்த மரபிலேயே கல்லாதவர் வாசித்தாலும் கேடு அதே கேடுதான்.

மேலும், மனோதர்மம் நாட்டுப்புற இசைக்கு வெளியிலிருந்து வந்த பொருளன்று. விடியவிடிய நடனத்துக்கு வாசிக்கும் பிடில்காரன் ஒரே மெட்டை நூறு முறை வாசிக்கிறான். அந்த நூறும் ஒரே அச்சாக இருக்குமென்று எண்ணுவோர் அத்தகைய இரவொன்றைக் கேட்டறியாதவர். ஒருமுறை வில்லை மாற்றுவான், மறுமுறை சுரத்தை வளைப்பான். நம் கச்சேரியில் நிரவலும் கற்பனைச் சுரமும் எங்கிருந்து பிறக்கின்றனவோ, அதே மனத்திலிருந்துதான் அவனுடைய மாற்றங்களும் பிறக்கின்றன. ஜாஸ் அதே பழக்கத்தைச் சுரக்கோவைகளின் மேல் விரித்துக் காட்டியது. எனவே ஜாஸ் மனோதர்மம் கிராமத்துப் பிடிலைச் சந்திக்கும்போது, நகருக்குச் சென்று திரும்பிய மகளைத் தாய் சந்திக்கிறாள்.

கார்ட்டரின் தேடலிலும் இம்மனப்பாங்கைக் காணலாம். ‘ரிவர்ஸ் த்ரெட்’ தொகுப்பில் உகாண்டாவின் யூத சமூகத்தாரான அபயுதாயா மக்களின் களப்பதிவிலிருந்து எடுத்த மெட்டு ஒன்று வருகிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் கோரா என்ற யாழ்வகைக் கருவி வயலினுக்கு உடன் ஒலிக்கிறது. முதலில் கேட்டார், பிறகு கற்றார், கற்பனை செய்தது அதற்கும் பிறகே. இவ்வரிசை தவறாதவரை கலப்பைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

நம் வீட்டுக் கணக்கு

அமெரிக்க வழக்கு நமக்கு எதற்கு என்று கேட்பவர் இருக்கலாம். பிடில் நமக்கும் வந்த விருந்தே என்பதால் கேட்கிறேன். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் மேனாட்டு முறையில் பிடில் கற்றுக் கருநாடக இசைக்குக் கொணர்ந்தார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு அதனைத் திருவிதாங்கூர் அரசவையில் ஒலிக்கச் செய்தார். முத்துசுவாமி தீட்சிதரோ மேனாட்டு மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். நோட்டுசுரம் என வழங்கும் அவை ஏறத்தாழ நாற்பது. ஆங்கிலேயரின் நாட்டு வாழ்த்து மெட்டும் அவற்றுள் ஒன்று. இம்முன்னோரை வணங்கிவிட்டுக் கலப்பு ஆகாது என்போர், எந்த ஆண்டோடு கலப்பின் கதவு சாத்தப்பட்டது என்று கூறக் கடமைப்பட்டவர்கள். எல். சுப்பிரமணியமும் கிராப்பெல்லியும் இணைந்து வாசித்த ‘கான்வர்சேஷன்ஸ்’ 1984ஆம் ஆண்டில் வந்தபோதும் வானம் இடிந்து விழவில்லை.

இவற்றினும் கூரிய வினா வேறொன்று. எண் வரிசையிட்டுப் பிரிக்கும் பழக்கம் நம்மிடம் இல்லையா? செவ்விசை என்றால் பாடுபவர், பக்கவாத்தியக்காரர், பாடல் இயற்றியவர், இராகம், தாளம் அனைத்தையும் நிகழ்ச்சி நிரலில் அச்சிடுகிறோம். தெம்மாங்கோ ஒப்பாரியோ வந்தால் ‘நாட்டுப்புறப் பாடல்’ என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொள்கிறோம். அதனைப் பாடிக் காத்த கிழவியின் பெயர் என்ன, ஊர் எது, அவரிடமிருந்து கேட்டு வந்தவர் யார் என எழுதுவதில்லை. பெயரில்லாத பொருள் பொதுப்பொருள்; பொதுப்பொருளை எவரும் எடுக்கலாம், எடுத்துத் தம் பெயரை எழுதிக்கொள்ளலாம். அமெரிக்க வணிகர் எண்ணால் செய்ததை நாம் மௌனத்தால் செய்கிறோம்.

அந்நாட்டில் மீட்பு தொடங்கிவிட்டது. வட கரோலினாவின் முதிய கறுப்பினப் பிடில்காரர் ஜோ தாம்சன் 2012ஆம் ஆண்டில் மறைந்தார். அதற்கு முன்னரே, 2005ஆம் ஆண்டில் உருவான கரோலினா சாக்லேட் டிராப்ஸ் என்ற இளைஞர் குழு அவர் வீட்டுக்கே சென்று கற்றது. கற்றதை மேடையில் அவர் பெயரோடு வாசித்தது. இதுவே நான் வேண்டும் அளவுகோல். இசை தூயதா கலப்பா என்று கேட்பதை விடுவோம். வாசிப்பவர் கற்றாரா, கற்பித்தவர் பெயரைச் சொன்னாரா என்ற இரு வினாக்களைக் கேட்போம்.

நம் சங்க விழாக்களிலும் இதனைத் தொடங்க எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. நாட்டுப்புறப் பாடல் எதுவாயினும், அது யாரிடமிருந்து கற்கப்பட்டது, அவர் எவ்வூரார் என்ற இரண்டையும் நிகழ்ச்சி நிரலில் அச்சிடுவோம். கூடுதலாகச் செலவாவது ஒரு வரி மை. அந்த ஒரு வரியை மறுத்துவிட்டு மரபைக் காக்கிறோம் என்று மேடையில் முழங்குவோரிடம், யாருடைய மரபை என்று தயங்காமல் கேளுங்கள்.